புக்காரெஸ்டில் எழுந்தவையும் மறைந்தவையும்

ஒரு நாட்டின் தலைநகரைக் காணச் செல்வோர், அங்கே எழுந்து நிற்கும் மாளிகைகளையும் கோபுரங்களையும் சதுக்கங்களையும் பார்த்து, அவற்றின் அழகையோ பருமையையோ வியந்து மீள்வது வழக்கம். பெரும்பாலான நகரங்களுக்கு அவ்வளவே போதும். ரூமேனியாவின் தலைநகராகிய புக்காரெஸ்டுக்கு அது போதாது. அந்நகரில் ஒரு பெருங் கட்டடத்தைக் காணுந்தோறும், "இஃது எழுவதற்கு முன்னர் இவ்விடத்தில் என்ன இருந்தது?" என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்வியைக் கேளாதவர் நகரின் பாதியைக் காணாதவரே ஆவர்.

புக்காரெஸ்ட், தாம்போவிட்சா என்னும் சிற்றாற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் சமவெளி நகரம். 1862ஆம் ஆண்டு முதல் ஒன்றுபட்ட ரூமேனியாவின் தலைநகராக விளங்கி வருவது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுச் செல்வர் தம் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிப் படிப்பித்தனர். கட்டடக் கலைஞரையும் அங்கிருந்தே வரவழைத்தனர். 1888இல் திறக்கப்பட்ட அத்தேனியம் என்னும் இசை மண்டபமும், 1936இல் கல்லினால் எடுக்கப்பட்ட வெற்றி வளைவும் அக்காலத்துச் சின்னங்கள். "சின்னப் பாரிஸ்" என்ற செல்லப் பெயரும் அப்போது வந்ததே. எனினும் பெரு வீதியை விட்டு உள்ளே சென்றால், முற்றமும் திராட்சைக் கொடிப் பந்தலுமுள்ள தாழ்ந்த வீடுகளும், அவற்றின் நடுவே சிறு குவிமாடங்களுடன் கூடிய பழைய ஆலயங்களும் காணப்பட்டன.

1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 30ஆந் திகதி மன்னர் மிஹாய் முடி துறந்தார். அன்று தொடங்கிய கம்யூனிஸ்ட் குடியரசு 1989ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் நிலவியது. அந்த ஆண்டுகளிலே நகரம் மும்முறை வேடம் மாற்றியது. அம்மூன்றையும் கால வரிசையிற் காண்போம்.

மொஸ்கோவின் நிழல்

நகரின் வடபாலில், அகன்ற வீதியின் கோடியில், நடுவிலே உயர்ந்த கோபுரமும் இரு மருங்கும் விரிந்த சிறகங்களுமாக ஒரு சாம்பல் நிற மாளிகை நிற்கின்றது. 1952க்கும் 1957க்கும் இடையில், ஹோரியா மாய்க்கு என்பாரின் தலைமையில் அமைந்த கட்டடக் கலைஞர் குழுவினரால் எழுப்பப்பட்டது இது. மொஸ்கோ சர்வகலாசாலைக் கட்டடத்தைப் பார்த்தவர்கள், இது அதன் தம்பி என்பதை ஒரு நோக்கிலேயே அறிவர். உச்சியிலுள்ள அலைக்கம்பம் உட்பட ஏறத்தாழ 104 மீற்றர் உயரம்.

அரண்மனை போலத் தோன்றும் இம்மாளிகை அரசர்க்கோ அமைச்சர்க்கோ கட்டப்பட்டதன்று. அச்சு யந்திரங்களுக்குக் கட்டப்பட்டது. கட்சியின் பத்திரிகையாகிய "ஸ்கின்தேயா" இங்கேதான் அச்சாகியது. அப்பெயருக்குத் தீப்பொறி என்பது பொருள். ஏனைய பத்திரிகைகளும் பாடநூல்களும் இவ்வொரு கூரையின் கீழேயே தயாராகின. நாடு முழுவதும் படிப்பதனைத்தும் ஒரே வாயிலினூடாக வெளிவருமாயின், அவ்வாயிலைக் காப்பது எளிது என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

இவ்விடத்தில் முன்னர் இருந்தது குதிரைப் பந்தயத் திடல். பின்னர் இம்மாளிகையின் முன்னே 1960இல் லெனினுடைய வெண்கலச் சிலை நிறுத்தப்பட்டது. அது 1990 மார்ச் மாதத்தில் இறக்கப்பட்டு, நகர்ப்புறத்தே ஒரு பழைய அரண்மனையின் பின்புறத்தில் பல்லாண்டு கிடந்தது. பீடம் நெடுங்காலம் வெறுமையாகவே நின்றது. 2016இல் அங்கே, அடக்குமுறையை எதிர்த்து நின்றவர்களின் நினைவாக, மூன்று உலோகச் சிறகுகள் வானை நோக்கி எழுப்பப்பட்டன. மாளிகையின் பெயரும் இப்போது "சுதந்திரப் பத்திரிகை இல்லம்" என்பதாம். ஆனால் அரிவாளும் சுத்தியலும் பொறித்த கல் அலங்காரங்கள் சுவர்களில் இன்றும் உள. பெயர்ப் பலகையை ஒரு நாளில் மாற்றலாம். கல்லிற் செதுக்கியதை அழிப்பதற்கு எவரும் நேரங் கண்டிலர்.

தொடர்மாடிகளின் நகரம்

இரண்டாவது வேடம் அழகில்லாதது. ஆயினும் அதனை இகழ்ந்து ஒதுக்குவது நீதியன்று. 1948இல் ஏறத்தாழப் பத்து இலட்சமாக இருந்த நகரின் சனத்தொகை 1992இல் இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. கிராமங்களிலிருந்து தொழிற்சாலைகளுக்கு வந்தவர்களைக் குடியேற்றும் பொருட்டு, தொழிற்சாலையிலேயே வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளைக் கொண்டு தொடர்மாடி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. மேற்கே ட்ரூமுல் தபெரெய், கிழக்கே தித்தான், தெற்கே பெர்சேனி என ஒவ்வொன்றும் தனி நகரம் எனத்தக்க குடியிருப்புகள் தோன்றின.

அவற்றுள் நடந்து செல்லும் ஒருவருக்கு எல்லாக் கட்டடங்களும் ஒன்று போலவே தோன்றும். பிறந்தது முதல் கிணற்று நீரையும் விறகடுப்பையுமே அறிந்திருந்த ஒரு குடும்பத்துக்கோ, குழாயில் நீரும், மாரிகாலத்திற் சுவரோரத்து இரும்புக் குழாய்களில் வெப்பமும் வந்த முதல் நாள் பெருநாளாகவே இருந்திருக்கும். பெரும் நிலையங்களிற் காய்ச்சிய வெந்நீரை நிலத்தடிக் குழாய்களால் வீடு தோறும் அனுப்பும் அம்முறை இன்றும் அங்கே வழக்கில் உள்ளது. மூத்த குடியிருப்புகளில் மரங்கள் நாலாம் மாடிக்கு மேல் வளர்ந்து, சாம்பல் நிறச் சுவர்களைப் பெரிதும் மறைத்துவிட்டன.

1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆந் திகதி இரவு, நகரத்தைப் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கியது. நாடெங்கும் ஏறத்தாழ 1,570 பேர் மாண்டனர். அவர்களுள் 1,400 பேருக்கு மேற்பட்டோர் தலைநகரிலே மாண்டவர்கள். முப்பதுக்கு மேற்பட்ட உயர்ந்த கட்டடங்கள் வீழ்ந்தன. வீழ்ந்தவற்றுட் பெரும்பாலானவை போருக்கு முன்னர் கட்டப்பட்டவை. இகழப்பட்ட கொங்கிறீற்றுத் தொடர்மாடிகளோ பெரும்பாலும் நிலைத்து நின்றன. இன்றும் பழைய நகரில் நடப்பவர் சில அழகிய கட்டடங்களின் வாயிலருகே சிவப்பு வட்டமிட்ட பலகையைக் காண்பர். மீண்டும் பெரும் அதிர்ச்சி வந்தால் இது தாங்காது என்பதற்கான எச்சரிக்கை அது. அவ்வட்டத்தின் கீழேயே கோப்பிக் கடைகள் நடக்கின்றன. மேன்மாடிகளில் மக்கள் வாழ்கின்றனர்.

மக்கள் மாளிகை

1965 முதல் கட்சித் தலைவராகவும், 1974 முதல் ஜனாதிபதியாகவும் விளங்கியவர் நிக்கொலாய் சௌஷெஸ்கு. 1971இல் சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் சென்ற அவர், பெரு வீதிகளையும் அணிவகுப்புகளையும் கண்டு மனம் பறிகொடுத்துத் திரும்பினார். ஆறாண்டுகளின் பின்னர் வந்த பூமியதிர்ச்சி, பழைய நகரை அகற்றிப் புதியதோர் அரசியல் மையம் அமைப்பதற்கு வேண்டிய காரணத்தை அவருக்குக் கொடுத்தது. உறுதியான நிலம் தேடியபோது, ஆற்றுக்குத் தெற்கே ஊரானஸ் என்ற குடியிருப்பு அமைந்திருந்த மேட்டு நிலம் தெரிவாயிற்று.

அங்கே கற்பாவிய சாய்ந்த வீதிகளும், தோட்டம் சூழ்ந்த வீடுகளும், ஆலயங்களும், யூதரின் தொழுகைக் கூடங்களும், 1838இல் திறக்கப்பட்ட பிரன்கொவெனெஸ்க் வைத்தியசாலையும் இருந்தன. 1980களில் இவை யாவும் தரைமட்டமாயின. பழைய நகரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அழிந்தது. ஏறத்தாழ 40,000 பேர் வீடிழந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. வீட்டை விட்டு வெளியேறப் பலருக்குச் சில நாள் அவகாசமே கிடைத்தது. அவர்கள் கொண்டு செல்லக் கூடாதவற்றுள் நாய்களும் அடங்கும்; தோட்டக் காவலுக்கு வளர்த்த நாய்க்குத் தொடர்மாடியிலே இடமேது? கைவிடப்பட்ட அந்நாய்களின் வழித்தோன்றல்களே பல்லாண்டு காலம் புக்காரெஸ்டின் தெருக்களிற் கூட்டங் கூட்டமாய்த் திரிந்தன. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனைக் குறிப்பதில்லை. அந்நகர மக்களோ மறப்பதில்லை.

1984 யூன் மாதம் மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தலைமைக் கட்டடக் கலைஞர் அங்கா பெத்ரெஸ்கு என்னும் பெண்மணி. 1949இற் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்துதான். ஏறத்தாழ எழுநூறு கலைஞர்கள் அவர் கீழ்ப் பணியாற்றினர். தொழிலாளரும் போர்வீரருமாகப் பல்லாயிரவர் இரவு பகல் மாறி மாறி உழைத்தனர். நீளம் 270 மீற்றர். அகலம் 240 மீற்றர். உயரம் 84 மீற்றர். தளங்களின் மொத்தப் பரப்பு 365,000 சதுர மீற்றர். உலகிலேயே மிகவும் பாரமான கட்டடம் என்று கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றிருப்பது இதுவே. சலவைக்கல், மரம், பளிங்கு, கம்பளம் ஆகிய அனைத்தும் ஏறக்குறைய முற்றாக உள்நாட்டுப் பொருள்களே.

இன்று அடையாளப் பத்திரம் காட்டி, வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே செல்லலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தாலும் காண்பது மிகச் சிறு பகுதியே. ஒரு மண்டபத்தைக் கடந்தால் அதனினும் பெரிய மண்டபம். அதன் மேலே தொன் கணக்கிற் பாரமுள்ள பளிங்குச் சரவிளக்கு. சிற்ப வேலைப்பாட்டிற் குறை காண முடியாது. மரம் செதுக்கியவரும் கல் இழைத்தவரும் தம் தொழிலில் வல்லவர்கள். ஆயினும் எந்த மண்டபத்திலும், இங்கே அமர்ந்து இளைப்பாறலாம் என்னும் எண்ணம் எழுவதில்லை. மாளிகையின் எதிரே அகன்று நீளும் பெரு வீதி, பாரிஸ் நகரத்துப் பேர்பெற்ற சாம்ஸ் எலிசே வீதியை விஞ்ச வேண்டும் என்ற நோக்குடன் அமைக்கப்பட்டது. அன்று அதன் பெயர் "சோஷலிச வெற்றி வீதி". இன்று "ஒற்றுமை வீதி".

இம்மாளிகை வளர்ந்த அதே ஆண்டுகளில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? 1980களின் தொடக்கத்தில் நாட்டின் வெளிநாட்டுக் கடன் 1,000 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. அதனை முற்றாகத் தீர்த்துவிடச் சௌஷெஸ்கு துணிந்தார். விளைந்த உணவுப் பொருள்கள் ஏற்றுமதியாயின. பாணுக்கும் சீனிக்கும் எண்ணெய்க்கும் பங்கீட்டு முறை வந்தது. விடியுமுன் கடை வாயில்களில் வரிசைகள் நீண்டன. மாரிகாலத்திற் குழாய்கள் குளிர்ந்தன. குழந்தைகள் மேலங்கியுடன் உறங்கினர். மின்சாரம் அடிக்கடி நின்றது. தொலைக்காட்சி நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே. 1989 ஏப்பிரலில் கடன் தீர்ந்ததென அறிவிக்கப்பட்டது. வரிசைகள் மட்டும் தீரவில்லை. மக்கள் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்ட மாளிகைக்காக மக்களின் இல்லங்கள் இடிந்தன. அவர்களின் அடுப்புகளும் அணைந்தன.

நகர்ந்து சென்ற ஆலயங்கள்

இடிப்புக் காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட ஆலயங்கள் நகரில் அழிந்தன. வேறு சில ஆலயங்களோ, நம்புதற்கரிய முறையில் உயிர் தப்பின. அதற்குக் காரணமானவர் யூஜெனியு யோர்டக்கெஸ்கு என்னும் பொறியியலாளர். அவர் அரச திட்ட நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர். இடிப்பைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கில்லை. "இடிக்க வேண்டா, நகர்த்திவிடலாம்" என்று சொல்லத்தக்க அறிவு மட்டும் இருந்தது.

உணவுச்சாலையிற் பணியாள் ஒருவர் தட்டின் மேல் நிறைந்த கிண்ணங்களை ஏந்தி விரைந்து செல்வதைக் கண்டபோதே இந்த யோசனை பிறந்ததென அவர் பிற்காலத்திற் கூறினார். கிண்ணங்கள் விழாமைக்குக் காரணம் தட்டு. அவ்வாறாயின் ஆலயத்துக்கும் ஒரு தட்டு வேண்டும். ஆகவே அத்திவாரத்தைச் சுற்றியும் கீழேயும் சிறிது சிறிதாகத் தோண்டி, இரும்பும் கொங்கிறீற்றும் கொண்ட உறுதியான சட்டகம் ஒன்று கட்டடத்தின் அடியில் அமைக்கப்பட்டது. பின்னர் கட்டடம் பழைய அத்திவாரத்திலிருந்து அறுத்துப் பிரிக்கப்பட்டது. நீரழுத்த ஜாக்கிகள் அதனைச் சற்றே உயர்த்தின. தண்டவாளங்களின் மேல் ஏற்றிய பின், மெல்ல மெல்ல இழுத்துச் சென்றனர். சுவரோவியங்கள் உதிரவில்லை, குவிமாடம் பிளக்கவில்லை.

1982இல் கன்னியர் மடத்து ஆலயம் 245 மீற்றர் நகர்ந்தது. 1985இல், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வீர மிஹாய் என்னும் அரசர் எடுப்பித்த மிஹாய் வோடா ஆலயம், அதன் மணிக்கோபுரத்துடன் மேட்டு நிலத்திலிருந்து இறக்கப்பட்டு 289 மீற்றர் தூரம் கொண்டு செல்லப்பட்டது. அதனைச் சூழ்ந்திருந்த மடத்துக் கட்டடங்கள் தப்பவில்லை. இவ்வாறு பத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை யோர்டக்கெஸ்கு காத்தார். அவர் 2019இற் காலமானார்.

இந்த ஆலயங்களைக் காண விரும்புவோர் தேடித்தான் செல்ல வேண்டும். பெரு வீதியின் பளபளப்பான கட்டட வரிசை கண்ணுக்குத் தெரியாவண்ணம் அவற்றை மறைத்து நிற்கின்றது. தொடர்மாடிகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய சந்தினூடே புகுந்தால், உலரவிட்ட ஆடைகளையும் நிறுத்தி வைத்த மோட்டார் வண்டிகளையும் கடந்து, செங்கல்லாலான மிஹாய் வோடா ஆலயம் திடீரென எதிர்ப்படும். நாற்புறமும் உயர்ந்த சுவர்கள். நடுவே நானூறு ஆண்டு வயதுடைய கோவில். உள்ளே மெழுகுதிரிகள் எரிகின்றன. முதிய பெண்கள் வணங்குகின்றனர். அரை மணி நடைத் தூரத்துள் மக்கள் மாளிகையையும் இவ்வாலயத்தையும் அடுத்தடுத்துக் காண்பவரே அந்நகரின் கதையை முழுமையாய் அறிவர்.

ஒரு மாடமுகப்பும் ஒரு நூலகமும்

1989ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ஆந் திகதி, நகரின் நடுவே உள்ள கட்சி மத்திய குழுக் கட்டடத்தின் மாடமுகப்பில் நின்று சௌஷெஸ்கு மக்களுக்கு உரையாற்றினார். வழக்கமான கைதட்டலுக்குப் பதிலாக ஓர் இரைச்சல் எழுந்தது. கையை உயர்த்தியவாறே அவர் திகைத்து நின்றதை நாடு முழுவதும் தொலைக்காட்சியிற் கண்டது. மறுநாள் அதே கட்டடத்தின் கூரையிலிருந்து ஹெலிக்கொப்டரில் அவரும் மனைவியாரும் தப்பிச் சென்றனர். பிடிபட்டு, விசாரணை என்ற பெயரிற் சிறிது நேரம் நடந்த நிகழ்ச்சியின் பின், 25ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தச் சில நாட்களில் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர்.

மாடமுகப்பு இன்றும் அவ்வாறே உள்ளது. பார்த்தால் வியப்பளிக்கத்தக்க அளவு சிறியது. அதன் எதிர்ப்புறத்தே முதலாம் கரோல் மன்னர் பெயரால் வழங்கும் சர்வகலாசாலை நூலகம் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையின்போது அது தீப்பற்றி, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. ஒரு நூலகம் எரிவது என்றால் என்ன என்பதை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. மாணவர் இன்று அங்கே அமைதியாகப் படிக்கின்றனர்.

எஞ்சியதை என் செய்வது?

கொடுங்கோன்மையின் கையாற் பிறந்த மாளிகையை அடுத்த தலைமுறை என் செய்வது? இடித்தெறிய வேண்டும் என்றோரும் இருந்தனர். ஆனால் அதற்காகப் பசி கிடந்தவர் மக்கள். அதிற் பாடுபட்டவரும் மக்கள். அதனை இடித்தால் போன வீடுகள் திரும்பி வரப் போவதில்லை. இறுதியிற் சட்டசபையின் இரு மன்றங்களும் அங்கே குடியேறின; 2004இல் ஒரு சிறகத்திலே தற்காலக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதனை ஒளியூட்டவும் வெப்பமூட்டவும் ஆண்டுதோறும் பெருந்தொகை செலவாகின்றது. ஒருவருடைய பேராசைக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரி செலுத்துகின்றனர்.

நகரின் தென்கிழக்கே இன்னுமோர் இடம் உண்டு. அங்கே, பதினெட்டாம் நூற்றாண்டில் நிக்கொலாய் மவ்ரொகொர்டாட் என்னும் சிற்றரசர் கட்டிய வக்கரெஷ்டி மடாலயம் இருந்தது. பிற்காலத்திற் சிறைச்சாலையாகப் பயன்பட்ட அதனையும் 1980களில் இடித்துவிட்டனர். அதை நகர்த்தித் தர யாராலும் இயலவில்லை. அதனருகே செயற்கை ஏரி ஒன்றை அமைக்கும் பொருட்டுப் பெரிய கொங்கிறீற்று அணையும் கட்டினர். ஆட்சி வீழ்ந்தது, வேலை நின்றது, ஏரி நிரம்பவேயில்லை. கைவிடப்பட்ட அப்பள்ளத்தில் ஊற்று நீர் தேங்கியது, நாணல் முளைத்தது, கொக்குகளும் நீர்நாய்களும் தாமே வந்து குடியேறின. 180 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நிலத்தை அரசாங்கம் 2016இல் இயற்கைப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்தது. அணையின் மேல் இப்போது பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகின்றனர். நாணலுக்கு அப்பால், அடிவானில், தொடர்மாடிகளின் வரிசை தெரிகின்றது.

புக்காரெஸ்டுக்குச் செல்லும் வாய்ப்பு நம் மாணவருட் சிலருக்கேனும் கிட்டலாம். அவர்கள் மக்கள் மாளிகையைக் கட்டாயம் பார்க்கட்டும். அதன் தூண்களையும் அளந்தறியட்டும். பின்னர் பெரு வீதியை விட்டு, கட்டடங்களின் பின்புறத்துச் சந்துகளுக்குள்ளும் சென்று வரட்டும். அங்கே நின்று, முன்னர் இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று ஒரு முதியவரைக் கேட்டால், அவர் ஒருகால் ஒரு தெருவின் பெயரைச் சொல்லக்கூடும். இன்றைய நகரப் படத்தில் அத்தெரு இராது.